பாலங்கா அம்பர் அருங்காட்சியகம்: வில்னியஸிலிருந்து அவ்வளவு தூரம் போகலாமா?

நெய்வேலிக்காரன்

வணக்கம். நான் வில்னியஸில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்டில் அப்பா, அம்மா வருகிறார்கள். லிதுவேனியாவில் எங்கெங்கே கூட்டிப்போவது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். பழைய நகரம், ட்ராக்காய் கோட்டை எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் பிரச்சினை இல்லை. பாலங்காதான் யோசனையாக இருக்கிறது. நாட்டின் மேற்குக் கோடியில் கடற்கரை ஊர், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஒரு பிரபுவின் மாளிகைக்குள் அம்பர் அருங்காட்சியகம் இருக்கிறதாம்.

அம்மாவுக்கு அரண்மனை, தோட்டம் என்றால் போதும். அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மண்ணுக்குள்ளிருந்து எது வந்தாலும் கையில் வாங்கி உருட்டிப் பார்ப்பார். எனக்கோ அம்பர் என்றால் கல்லாக இறுகிய பழைய மரப்பிசின், கடையில் மணிமாலையாகத் தொங்கும், அவ்வளவுதான் தெரியும். போனவர்கள் சொல்லுங்கள்: மாளிகைக்காகப் போகலாமா, கல்லுக்காகப் போகலாமா, இல்லை இரண்டையும் விட்டுவிடலாமா? அம்மாவுக்கு மூட்டுவலி, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாலைப்பறவை

தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள். பெரியவர்களோடு அது தண்டனை. ஒரு ராத்திரி தங்குங்கள்.

முதலில் மாளிகை. டிஷ்கெவிச் என்ற பிரபு குடும்பம் 1824-இல் பாலங்கா பண்ணையை வாங்கியது. அந்தக் குடும்பத்து ஃபெலிக்ஸ் 1897-இல் கட்டியதுதான் இப்போது நிற்பது. வரைந்தவர் ஃப்ரான்ஸ் ஷ்வெக்டன். பெர்லினில் போரில் மொட்டையான கோபுரத்தோடு ஒரு தேவாலயம் நிற்கிறதே, கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயம், அதுவும் இவர் கைவேலைதான். இரண்டு தளம், வெளிர் நிறச் சுவர், தோட்டத்துப் பக்கம் அகலமான மேடை, அதற்குக் கீழே ரோஜாத் தோட்டம். கோடையில் சில மாலைகளில் அந்த மேடையில் கச்சேரி வைப்பார்கள். ஆகஸ்ட் என்றால் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

என்னைக் கேட்டால் மாளிகையைவிடப் பூங்காதான் பெரிய வேலை. எதுவார் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுத் தோட்டக் கலைஞர் வடிவமைத்தது, கிட்டத்தட்ட நூறு ஹெக்டேர். இருந்த பைன் காட்டை வெட்டித் தள்ளாமல், மணல்மேடுகளையும் சமன் செய்யாமல், அவற்றுக்கு இடையிலேயே பாதைகளை வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார். நடக்கும்போது அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், கடல் மட்டும் கண்ணில் படாது. பாதை பெரும்பாலும் சமதளம், உட்காரப் பலகைகள் உண்டு, அம்மா சமாளித்துவிடுவார். பிருதே குன்று மட்டும் ஏறவேண்டும். லிதுவேனியாவை ஆண்ட வைதவுதாஸ் கோமகனின் தாய் பிருதே, திருமணத்துக்கு முன் அங்கேதான் புனித நெருப்பைக் காத்துவந்தார் என்று கதை. உச்சியில் 1869-இல் கட்டிய சிறு ஜெபக்கூடம் இருக்கிறது. முடியாவிட்டால் கீழேயே உட்காரட்டும், நஷ்டமில்லை.

இனி அம்பர். 1940-இல் மாளிகை அரசுடைமை ஆனது. போருக்குப் பிறகு பழுது பார்த்து, 1963 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சேகரிப்பில் 30,000 பொருட்கள் வரை இருப்பதாகச் சொல்கிறார்கள். அதில் பாதியளவு துண்டுகளுக்குள் பூச்சியோ செடித் துணுக்கோ இருக்கிறது. எல்லோரும் தேடிப் போவது 'சூரியக் கல்'. மூன்றரை கிலோ எடை, பார்க்க ஒரு மண்டை வெல்லம் மாதிரிதான் இருக்கும். இரண்டு தடவை திருடுபோய், இரண்டு தடவையும் திரும்ப வந்துசேர்ந்தது. அதன் முன்னால் நின்று படம் எடுக்க எப்போதும் கூட்டம். நீங்கள் அதில் நேரத்தை வீணாக்காமல், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்த பெட்டிகளுக்குப் போய்விடுங்கள். உங்கள் அப்பாவை அங்கே விட்டால் சாயங்காலம்தான் கூப்பிட்டு வரவேண்டியிருக்கும்.

காட்சி இரண்டு தளங்களில் இருக்கிறது. மின்தூக்கி பற்றி ஒரு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்க்காற்று

எல்லோரும் புகழ்வதால் நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன். 'அரண்மனை' என்ற வார்த்தையை நம்பிப் போகாதீர்கள். நம் ஊர் அரண்மனைகளைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு பணக்காரரின் கடற்கரை வீடு. பிரபு வீட்டுச் சாமான்கள் பெரும்பாலும் போரோடு போய்விட்டன. சில கூடங்களை அந்தக் காலத்து அமைப்பில் திரும்ப ஒழுங்கு செய்திருக்கிறார்கள். மற்ற அறைகளில் கண்ணாடிப் பெட்டிதான். கோடையில் ஊரே திருவிழாக் கூட்டம். பசனாவிசியஸ் தெருவில் நடக்கவே இடம் இருக்காது.

அம்பரும் அரண்மனையும் சேர்ந்து பார்க்கவேண்டும் என்றால் ரஷ்யாவில் ஜார்ஸ்கோயே செலோவின் அம்பர் அறைதான். சுவரே அம்பர்!

சாலைப்பறவை

எதிர்க்காற்று ஐயா, அம்பர் அறையின் கதை தெரிந்துதானே சொல்கிறீர்கள்? பிரஷ்ய மன்னர் 1716-இல் மகா பீட்டருக்குக் கொடுத்த அசல் பலகைகளை 1941-இல் ஜெர்மன் படை கழற்றி கோனிக்ஸ்பெர்க்குக் (இன்றைய கலினின்கிராட்) கொண்டுபோனது. 1945-க்குப் பிறகு அவை எங்கே என்று யாருக்கும் தெரியாது. இப்போது இருப்பது 1979-இல் தொடங்கி 2003-இல் முடித்த மறு ஆக்கம். வேலைப்பாடு அபாரம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அம்பர் என்பது சுவர் அலங்காரம். பாலங்காவில் அது என்ன பொருள், எப்படி உண்டானது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறோம். இரண்டும் வேறு வேறு. தவிர, அதற்கு ரஷ்ய விசா வாங்க வேண்டும், வில்னியஸிலிருந்து வார இறுதியில் போகிற இடமா அது?

பூச்சிப்பித்தன்

நான் பூச்சியியல் மாணவன், அதனால் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பால்டிக் அம்பர் (பாலங்காவில் பார்ப்பது இதுதான்) நான்கு கோடி வருடத்துக்கும் மேல் பழையது. அந்தக் காலத்தில் டைனோசர் கிடையாது. அவை அழிந்தது 6.6 கோடி வருடத்துக்கு முன். 'ஜுராசிக் பார்க்' படத்தைப் பார்த்துவிட்டு 'கொசுவின் வயிற்றில் டைனோசர் ரத்தம்' என்று அருங்காட்சியகத்திலேயே பிள்ளைகளுக்கு விளக்கும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அம்பர் பூச்சியிலிருந்து மரபணு எடுத்ததாக 1990-களில் சில ஆய்வுகள் வந்தது உண்மை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1997 வாக்கில் அதையே திரும்பச் செய்து பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. பல துண்டுகளில் உள்ளே பார்ப்பது பூச்சியின் வெளிக்கூடும் அதன் அச்சும்தான்.

உருப்பெருக்கியில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். பெரும்பகுதி ஈ, கொசு வகை இரண்டிறக்கைப் பூச்சிகள், எல்லாம் சில மில்லிமீட்டர்தான். முதலில் இறக்கையைப் பாருங்கள். நரம்பு நரம்பாகத் தெரியும், ஓரத்து மயிர்கூடத் தெரியும். அப்புறம் காலைப் பாருங்கள். ஒட்டிக்கொண்ட பிறகு விடுபடத் துடித்திருந்தால் காலைச் சுற்றிப் பிசினில் வரி வரியாக ஓட்டம் இருக்கும். சில பூச்சிகளின் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகப் பூசணம் பூத்த மாதிரி தெரியும். அது பூசணம் அல்ல, உடம்பிலிருந்து கசிந்த ஈரமும் வாயுவும் நுண்குமிழிகளாக உறைந்தது. பால்டிக் அம்பரில் இது சர்வசாதாரணம்.

இன்னொன்று, யாரும் கவனிக்காமல் போவது: தூசி மாதிரி சிதறிக் கிடக்கும் குட்டி நட்சத்திரங்கள். அவை ஓக் மரத்தின் பூவிலும் மொட்டிலும் இருந்த மயிர்கள். பிசின் கசிந்த காட்டில் ஓக் மரமும் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பிசின் கொடுத்த மரம் எது என்பதில்தான் இன்னும் சண்டை. பைன் என்று ரொம்ப காலம் சொன்னார்கள். 2009-இல் ஒரு குழு, இன்று ஜப்பானில் மட்டும் மிஞ்சியிருக்கும் குடைப்பைன் குடும்பத்தைக் கைகாட்டியது. அறிவிப்புப் பலகையில் 'பைன் மரப் பிசின்' என்று பார்த்தால் அதையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போலந்துப் பக்கம் போகிறவர்கள் க்தான்ஸ்க் அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். அம்பருக்குள் அகப்பட்ட பல்லி ஒன்று அங்கே இருக்கிறது. அதுவும் பழைய கட்டடத்தில்தான். முன்பு சிறைக் கோபுரத்தில் இருந்தது, 2021-இல் இடைக்காலத்துப் பெரிய மாவு ஆலைக்கு மாற்றினார்கள்.

கீல்_யாழ்ப்பாணத்தான்

நாங்கள் ஜெர்மனியில் கீல் நகரில் இருக்கிறோம். இங்கிருந்து லிதுவேனியாவின் துறைமுகமான கிளைப்பேடாவுக்கு நேரே கப்பல் இருக்கு. காரை ஏற்றிக்கொண்டு குடும்பமாய்ப் போனோம். கிளைப்பேடாவில் இறங்கினால் பாலங்கா அரை மணித்தியாலம்தான்.

சாலைப்பறவை நல்லாய் எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு விஷயத்தை யாருமே சொல்லவில்லை. பாலங்காவுக்கு அம்பரில் பேர் வந்தது பிரபுவால் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊர்ப் பட்டறைகளை நடத்தினவர்களில் அனேகமானோர் யூதர்கள். அங்கே கடைந்த மணிகள் ரஷ்யப் பேரரசு முழுக்கப் போனது. 1941 ஜூனில் நாசிகள் ஊருக்குள் வந்த கையோடு யூத ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள், மற்றவர்களுக்கும் பிறகு அதே கதிதான். நினைவுக்கல் அதே பூங்காவுக்குள்ளேயே இருக்கு. ரோஜாத் தோட்டத்தில் படம் எடுக்கிற சனத்தில் அங்கே வரைக்கும் நடக்கிறவர்கள் குறைவு. எங்கட பிள்ளைகளை அங்கேயும் கூட்டிக்கொண்டு போனோம். மணிமாலையைக் கண்ணாடிக்குள் பார்த்தால், அதைக் கடைந்த கைகள் ஆருடையது என்றும் தெரிய வேணும்தானே.

மற்றது, கடற்கரையில் அம்பர் பொறுக்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புயல் அடித்து ஓய்ந்த காலையில் கடற்பாசிக் குவியலுக்குள் துண்டுகள் கிடைக்கும், உண்மைதான். ஆனால் போர்க்கால எரிகுண்டுகளில் இருந்த வெண்பொஸ்பரசும் பால்டிக் கரையில் ஒதுங்கும். ஈரமாய் இருக்கேக்க பார்த்தால் அசல் அம்பர்தான். காற்சட்டைப் பையில் போட்டு, அது காய்ந்து உடம்புச் சூடு பட்டால் தானாய்ப் பற்றி எரியும். தண்ணீர் ஊற்றினாலும், காய்ந்ததும் திரும்பப் பற்றும். இங்கே ஊசெடோம் தீவுப் பக்கம் மோசமாய் எரிபட்டவர்கள் இருக்கிறார்கள். பொறுக்கினதைத் தகர டப்பாவில் போடுங்கோ, பையில் போடாதீங்கோ.

நெய்வேலிக்காரன்

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. யாழ்ப்பாணத்து அண்ணா, நினைவுக்கல்லுக்குக் கட்டாயம் போகிறோம்.

அம்மா ஊரில் கொடுக்க மணிமாலை வாங்கவேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். தெருக்கடையில் வாங்கலாமா? போன மாதம் நண்பன் வில்னியஸில் ஒரு கடையில், உள்ளே தேள் இருக்கும் பதக்கம் ஒன்று வாங்கினான். நாற்பது யூரோ. அசலா?

மணிநோக்கி

தேளா? நாற்பது யூரோவுக்கா? உங்கள் நண்பர் பிளாஸ்டிக்குக்கு மாலை போட்டிருக்கிறார். பால்டிக் அம்பரில் தேள் அபூர்வத்திலும் அபூர்வம். அசலாகக் கிடைத்தால் ஆய்வாளர்கள் வரிசையில் நிற்பார்கள். பூச்சி பெரிதாக, நட்டநடுவில், கால்களை அழகாக விரித்துப் படுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிசினில் மாட்டிச் சாகிற பூச்சி போட்டோவுக்கு நிற்காது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை: 200 மில்லி தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரையுங்கள். அம்பர் மிதக்கும். கண்ணாடியும், பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக்கும் மூழ்கும். ஆனால் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும் மிதக்கும், வயசாகாத பிசினான கோபாலும் மிதக்கும். ஆக, மூழ்கினால் போலி என்று சொல்லலாம், மிதந்தால் அசல் என்று சொல்ல முடியாது. கோபாலைப் பிடிக்க அசிட்டோன் ஒரு சொட்டு, மாலையின் மறைவான இடத்தில். கோபால் பிசுபிசுக்கும், அம்பர் அசையாது. நகப்பூச்சு நீக்கி தூய அசிட்டோனாக இருந்தால் அதுவே போதும். புற ஊதா டார்ச்சில் அசல் துண்டு பெரும்பாலும் நீலமாகவோ பச்சை கலந்தோ ஒளிரும். சூடான ஊசி குத்திப் பார்க்கச் சொல்லும் காணொளிகளை நம்பாதீர்கள். மணியும் பாழ், விற்பவரும் அடிக்க வருவார்.

இதோடு ஒரு கட்டுக்கதையையும் முடித்துவிடுகிறேன். 'அம்பர் கடலில் மிதந்து வரும்' என்பார்கள். பால்டிக் கடலில் உப்பு ரொம்பக் குறைவு, அங்கே அம்பர் மூழ்கத்தான் செய்யும். லேசான பொருள் என்பதால் புயல் கிளறும்போது அடியிலிருந்து எழும்பிக் கரைக்கு வருகிறது. அதனால்தான் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் வலையோடு தண்ணீரில் இறங்கி அரித்து எடுப்பவர்களைப் பார்க்கலாம். ஆகஸ்டில் பொறுக்கப் போனால் சிப்பிதான் கிடைக்கும்.

உள்ளே தகதகவென்று வட்ட வட்டச் செதில்கள் மின்னும் பச்சை மணிகள் பெரும்பாலும் சூடேற்றிப் பதப்படுத்தியவை. பொருள் அம்பர்தான், நிறமும் மினுமினுப்பும் மனிதர் செய்தது. துகள்களைச் சூட்டில் அழுத்திச் செய்த 'அழுத்த அம்பர்' தனி வகை. இரண்டையும் விற்பது தப்பில்லை, சொல்லாமல் விற்பதுதான் தப்பு. வாங்கும்போது 'இயற்கை, பதப்படுத்தாதது' என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் நடையைக் கட்டுங்கள். என் ருசிக்குப் பால் வெள்ளையும் வெண்ணெய் மஞ்சளுமான மங்கல் மணிகள்தான் அழகு. அந்த மங்கலும் நுண்குமிழிகளால் வருவது. அருங்காட்சியகத்தில் எல்லா நிறத்தையும் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

குட்டிமா_அம்மா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பெண்ணுக்குப் பல் முளைக்கிறது. அம்பர் மாலை போட்டால் வலி குறையும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அதில் இருக்கும் சக்சினிக் அமிலம் தோல் வழியாக இறங்குமாமே? மணிநோக்கி அண்ணா, உண்மையா?

மணிநோக்கி

வேண்டாம் தங்கச்சி. பால்டிக் அம்பரில் அந்த அமிலம் இருப்பது நிஜம், மூன்றிலிருந்து எட்டு சதவீதம் வரை. ஆனால் அது கல்லுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. உடம்புச் சூட்டில் வெளியே வந்து வலியைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மணி அறுந்து தொண்டையில் போகலாம், தூங்கும்போது கழுத்தை இறுக்கலாம். குழந்தை இறந்துபோன சம்பவத்துக்குப் பிறகு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் இந்த மாலைகளுக்கு எதிராக எச்சரிக்கையே விட்டது. சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக் கடிக்கக் கொடுங்கள், வலி அதிகமானால் டாக்டரைப் பாருங்கள்.

பூச்சிப்பித்தன்

நெய்வேலிக்காரன், உங்கள் அப்பாவுக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன். இந்தியாவிலும் அம்பர் உண்டு, அதுவும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில். குஜராத்தில் சூரத் பக்கம் தட்கேஷ்வரில், நிலக்கரி அடுக்குகளுக்கு இடையே கட்டி கட்டியாகக் கிடைத்தது. ஐந்து கோடி வருடத்துக்கும் மேல் பழையது, ஆக பால்டிக் அம்பருக்கு மூத்தது. இந்திய, ஜெர்மன், அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 2010-இல் அதன் பூச்சிகளைப் பற்றி எழுதினார்கள். இந்திய நிலம் அப்போதுதான் ஆசியாவோடு மோதிக்கொண்டிருந்த காலம். தனியாகக் கிடந்த தீவின் விசித்திரப் பூச்சிகள் இருக்கும் என்று எதிர்பார்த்தால், ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கப் பூச்சிகளுக்குச் சொந்தக்காரர்களாக இருந்தன.

இன்னும் சுவாரசியம் அந்தப் பிசினைக் கொடுத்த மரம். டிப்டெரோகார்ப் குடும்பம். நாம் தூபக்காலில் போடும் குங்கிலியமும் அதே குடும்பத்து மரங்களிலிருந்துதான் வருகிறது. பால்டிக் அம்பர் கெட்டியாக இறுகியது. குஜராத் அம்பர் அந்தளவுக்கு இறுகாததால் கரைப்பான்களில் பெருமளவு கரைகிறது. அதனால் பூச்சியை முழுசாக வெளியே எடுத்தே ஆராய முடிந்தது. பாலங்காவில் கண்ணாடிப் பெட்டி முன்னால் இதை அப்பாவிடம் சொல்லுங்கள், மீதியை அவரே உங்களுக்குப் பாடம் எடுப்பார்.

எதிர்க்காற்று

சரி, இந்தக் குங்கிலிய விஷயம் எனக்குப் புதுசு. அருங்காட்சியகத்துக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம் போலிருக்கிறது. கூட்டம் பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கமாட்டேன். ஆகஸ்டில் திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். மதியம் ஆனால் உருப்பெருக்கி முன்னால் சின்னப் பிள்ளைகள் வரிசை கட்டிவிடும், நமக்கு முறை வராது.

நெய்வேலிக்காரன்

முடிவாகிவிட்டது, போகிறோம். கடைசிக் கேள்வி: கார் இல்லை. ரயிலா, பஸ்ஸா?

சாலைப்பறவை

பாலங்காவுக்கு ரயில் கிடையாது. வில்னியஸிலிருந்து கிளைப்பேடா போகும் ரயிலில் ஏறி, ஒரு நிறுத்தம் முன்னாலேயே க்ரெட்டிங்காவில் இறங்குங்கள். அங்கிருந்து பாலங்கா பன்னிரண்டு கிலோமீட்டர்தான், பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்கலாம். நேரடிப் பஸ்ஸும் உண்டு, ஆனால் அம்மாவின் மூட்டுக்கு எழுந்து நடக்க முடிகிற ரயில்தான் நல்லது. கோடை வார இறுதிக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு செய்துவிடுங்கள்.

திரும்பும்போது க்ரெட்டிங்காவில் ரயிலுக்கு நேரம் இருந்தால் அங்கேயும் ஒரு டிஷ்கெவிச் மாளிகை இருக்கிறது, ஃபெலிக்ஸின் அப்பா யுசெஃப் வாழ்ந்தது. கண்ணாடிக் கூரை போட்ட குளிர்காலத் தோட்டம் அதன் விசேஷம், உள்ளே வெப்ப நாட்டுச் செடிகள். நம் ஊர்ச் செடிகளைக் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றுவதைப் பார்த்து அம்மா சிரிப்பார். காபி குடிக்கவும் அங்கேயே இடம் உண்டு.